டியூனிங் தேவையில்லை என்று சொன்னவன்

மார்ச் 4, செவ்வாய்

இன்று கடையில் இரண்டு பைக், இரண்டு சைலன்சர். ஒன்று வெறும் கடைசித் துண்டு மட்டும், கழற்றி மாட்ட இருபது நிமிடம். இன்னொன்று என்ஜின் வாயிலிருந்து வால் வரைக்கும் முழு பைப். இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி: "டியூனிங் பண்ணணுமா?" இரண்டு பேருக்கும் என் பதிலும் ஒன்றுதான்: "தேவையே இல்ல சார். வண்டி தானா சரி பண்ணிக்கும்."

முதல் ஆளுக்குச் சொன்னது உண்மை. இரண்டாவது ஆளுக்குச் சொன்னது — சரி, விடு.

மனைவியின் தம்பி கடையை விட்டுப் போய் இன்றோடு இருபத்து மூன்று நாள். அவன் லேப்டாப் இருந்த இடத்தில் கிரீஸ் டப்பாவை வைத்திருக்கிறேன். இடம் காலியாகக் கிடந்தால் கண்ணை உறுத்துகிறது. கத்துவதற்குப் பதிலாக எழுதுங்கள், பிரஷராவது குறையும் என்று இந்த டைரியைக் கையில் திணித்தவள் அவனுடைய அக்காதான்.

மார்ச் 5, புதன்

கிரீஸ் டப்பாவை வேறு இடத்தில் வைத்தேன். பிறகு திரும்ப அங்கேயே வைத்தேன்.

மார்ச் 6, வியாழன்

பல் டாக்டரம்மா வந்திருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர். நானூறு சி.சி. வண்டி. பத்து நாள் லீவு போட்டுவிட்டு, தனியாக மலைப்பாதை முழுவதும் சுற்றப் போகிறாராம். முழு பைப் வேண்டும், காற்று தாராளமாகப் போகிற ஃபில்டரும் வேண்டும்.

இரண்டையும் மாட்டினேன். புது பைப்பில் ஆக்ஸிஜன் சென்சாருக்கு ஓட்டையே இல்லை. புகையை மோப்பம் பிடித்து, "பெட்ரோல் பத்தல, கொஞ்சம் கூட்டு" என்று வண்டியின் மூளைக்குச் சொல்வது அந்த சென்சார்தான். அதைக் கழற்றிவிட்டு டம்மியைச் சொருகினேன். சுண்டுவிரல் நுனி அளவு பிளக், அவ்வளவுதான். எந்நேரமும் "எல்லாம் நல்லாயிருக்கு" என்று மூளைக்குப் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். மீட்டரில் மஞ்சள் லைட் எரியாது. லைட் எரியவில்லை என்றால் வாடிக்கையாளருக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி.

டாக்டர் விவரமானவர். "நெட்ல படிச்சேன். ஃபில்டரும் பைப்பும் சேர்த்து மாத்தினா பெட்ரோல் இன்ஜெக்‌ஷனை டியூன் பண்ணணும்னு போட்டிருக்கே?" என்றார்.

"நெட்ல ஆயிரம் போடுவாங்க மேடம். இருபத்தஞ்சு வருஷமா இதே வேலை. எதுவும் வேண்டாம், தைரியமா போயிட்டு வாங்க."

"நீங்க சொன்னா சரி. என்கிட்ட வர்றவங்க என் பேச்சை நம்பித்தானே உக்கார்றாங்க" என்று சிரித்தார். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சிரிக்காமல் போயிருக்கலாம்.

மார்ச் 8, சனி

சண்டை எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், அவன் வாய் நீளம் என்பேன். இங்கே யாரும் கேட்கவில்லை, அதனால் உள்ளதை எழுதலாம்.

கடையில் அன்று நான்கைந்து வாடிக்கையாளர்கள். ஒரு வண்டிக்கு முழு பைப் மாட்டி முடித்திருந்தேன். மச்சான் குறுக்கே வந்து, "மாமா, இதை அப்படியே அனுப்பாதீங்க. காத்து கூடிடுச்சு, பெட்ரோல் பழைய அளவுதான் வருது. முழுசா முறுக்கினா என்ஜின் காஞ்சு எரியும். ஒரு மணி நேரம் குடுங்க, அளவை மாத்தி எழுதித் தரேன்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் எல்லார் முன்னாலும் சொன்னான். நான் மாட்டிய வேலை பாதி வேலை என்று எனக்குக் கேட்டது.

"ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவன்தான்டா பட்டன் தட்டுவான்" என்றேன். நாலு பேரும் கொல்லென்று சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. லேப்டாப்பை மூடினான், வயரைச் சுருட்டினான், போய்விட்டான். எட்டு வருடம் என்னோடு இருந்தவன்.

அதுவரைக்கும் முழு பைப் என்றால் நானே "டியூன் பண்ணிட்டுப் போங்க" என்று சொன்னவன்தான். அவன் போன மறுநாளிலிருந்துதான் "தேவையில்லை" ஆனேன். எனக்கு டியூன் பண்ணத் தெரியாது. அவனிடம் அனுப்பவும் மனசு வரவில்லை. இவ்வளவுதான் என் இருபத்தைந்து வருட அனுபவம்.

மார்ச் 9, ஞாயிறு

டாக்டர் கிளம்பிவிட்டார். விடிந்ததும் ஒரு படம் அனுப்பியிருந்தார், வண்டி நிறைய மூட்டை. "சத்தம் சூப்பர்" என்று ஒரு வரி. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் பதிலுக்குப் போட்டேன்.

மார்ச் 12, புதன்

வீம்புக்கு என் சொந்த வண்டியிலும் போன வாரம் இதே பைப், இதே ஃபில்டர், இதே டம்மி போட்டேன். "பாரு, ஓடுது" என்று யாரிடமோ நிரூபிக்க. இன்று வேலை குறைவு. சும்மா இருக்க முடியாமல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்.

சுண்ணாம்பு போல வெள்ளை. இளம் பழுப்பாக இருக்க வேண்டியது; பெட்ரோல் பத்தாமல் காய்ந்து எரிந்தால்தான் இப்படி வெளுக்கும்.

ஒருவேளை பிளக் புதுசு என்பதாலோ? ஒருவேளை பெட்ரோல் மட்டமோ? ஒருவேளை நான் ஒரு மடையனோ?

மார்ச் 13, வியாழன்

காலையில் ஊருக்கு வெளியே ஏற்றத்தில் கொண்டுபோய் முழுசாக முறுக்கினேன். முதலில் ஜோராகத்தான் இழுத்தது. அரை நிமிடம் கழித்து என்ஜினுக்குள்ளிருந்து தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுகிற சத்தம். உடனே விட்டுவிட்டேன்.

நான் வெறும் ஆளாகப் போனேன். டாக்டர் வண்டியில் இரண்டு பக்கமும் மூட்டை. மலை ஏற்றம். அங்கே கிடைக்கிற பெட்ரோல் எப்படியோ. மஞ்சள் லைட் எரிந்து எச்சரிக்கும் என்றால் அதுவும் எரியாது. அதன் கண்ணைக் கட்டியது நான்தான்.

போனை எடுத்தேன். என்ன சொல்வது? "நான் சொன்னது பொய்"? "முழுசா முறுக்காதீங்க, பாதிக்கு மேல போகாதீங்க" என்று மட்டும் எழுதினேன். ஏன் என்று கேட்பார். அழித்தேன். "வண்டி எப்படி ஓடுது மேடம்?" என்று அனுப்பினேன்.

"அருமை! நாளையிலேர்ந்து மூணு நாள் சிக்னல் இருக்காது" என்று பதில் வந்தது.

அப்போது உடனே கூப்பிட்டிருக்கலாம். சிக்னல் இருந்தது, ஆள் இருந்தார். ஒரு பட்டனை அமுக்க வேண்டியதுதான். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவனுக்கு அந்த ஒரு பட்டனைத் தட்ட முடியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ஆறு முறை கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. ஆறு முறையும் அதே பெண் குரல், அதே மரியாதை.

மனைவி கேட்டாள், "என்னங்க, யாருக்கு இப்படி விடாம அடிக்கிறீங்க?" சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெரிதாகத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பொண்ணோட அம்மா அப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமா?"



மார்ச் 15, சனி

மச்சான் ஷெட்டுக்குப் போனேன். அச்சகத்துக்குப் பின்னால் ஒரு கார் நிறுத்தும் இடத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறான். தெருமுனை வரைக்கும் இரண்டு தடவை போய்த் திரும்பி, மூன்றாவது தடவைதான் உள்ளே நுழைந்தேன்.

ஸ்டூலில் ஒரு ஆள். என்னைக் கண்டதும் தினசரியை மூஞ்சிக்கு நேரே தூக்கிக்கொண்டார். மார்ச் 4-ஆம் தேதி முழு பைப் மாட்டிக்கொண்டு போனவர்! அவருடைய வண்டிதான், நின்ற இடத்திலேயே சக்கரத்தை ஓடவிட்டு அளக்கும் ரோலர் மேல் நின்றது, பைப் நுனியில் மச்சானின் மீட்டர் குழாய்.

"வாங்க மாமா" என்றான், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. நான் கேட்பதற்கு முன்பே ஒரு நோட்டை எடுத்து நீட்டினான். பைப் மாட்டிய பிறகு அவனிடம் வந்த வண்டிகள். கொரியர்காரர், வங்கி கேஷியர், ஜிம் மாஸ்டர்... எல்லாம் என் வாடிக்கையாளர்கள். என் சொந்த வண்டியை விட்டுவிட்டால், அவன் போன பிறகு நான் ஒன்பது முழு பைப் மாட்டியிருக்கிறேன். விரல் விட்டு எண்ணினேன். எட்டு பேர் நேராக என் கடையிலிருந்து இங்கே வந்திருக்கிறார்கள்.

"எல்லாரும் ஒரே பேச்சுதான் மாமா, 'உங்க மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு. ஃபிட்டிங்ல ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு இடத்துல கூட புகை கசியல."

என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"பல் டாக்டர் வந்தாங்களா?"

"எந்தப் பல் டாக்டர்?"

எட்டு பேர் என்னை நம்பவில்லை. அதனால் தப்பித்துக்கொண்டார்கள். நம்பின ஒரே ஒரு ஆள் மலை மேல் இருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னதும் மச்சான் முகம் மாறிவிட்டது. என் போனைப் பிடுங்கி அவனே எழுதினான்: பாதிக்கு மேல் முறுக்க வேண்டாம், ஏற்றத்தில் கியரைக் குறைத்து மெதுவாக, உள்ளே டப்பா ஆட்டுகிற சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அனுப்பினான். ஒற்றைக் கோடு. போய்ச் சேரவில்லை; சேர்ந்தால்தான் இரண்டு கோடு விழும்.

மார்ச் 16, ஞாயிறு

ஒற்றைக் கோடு.

மதியமும் ஒற்றைக் கோடு. கடையைத் திறந்து, பெருக்கி, மூடினேன். ஞாயிற்றுக்கிழமை என்பதே பாதியில்தான் ஞாபகம் வந்தது.

மார்ச் 17, திங்கள்

பதினொன்றரைக்கு ஒரு தெரியாத நம்பர். லாரி டிரைவர் ஒருவருடைய போன். டாக்டர் பேசினார்.

ஏற்றத்தில் பாரம் ஏற்றிய லாரியை முந்தியிருக்கிறார். முழுசாக முறுக்கியிருக்கிறார், முந்தும்போது முறுக்காமல் என்ன செய்வது? லாரிக்குப் பக்கத்தில் போகும்போதே வண்டி செத்துவிட்டது. எதிரே வேன். லாரிக்காரர் பிரேக் போட்டு வழிவிட்டிருக்கிறார். இவர் லாரிக்கு முன்னால் ஓரமாக ஒதுங்கி, ஜல்லியில் சறுக்கி, கையை ஊன்றி விழுந்துவிட்டார்.

"வலது மணிக்கட்டு வீங்கியிருக்கு. வேற ஒண்ணுமில்ல. வண்டிய எப்படி எடுத்துட்டு வர்றதுன்னு தெரியல. எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் நீங்க ஒருத்தர்தான்."

எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் நீங்க ஒருத்தர்தான்! ஐயோ. வலது கை. பல் டாக்டருக்கு வலது கை.

நான் சொன்னதெல்லாம், "அங்கேயே இருங்க மேடம், வரோம்." வரேன் என்று சொல்ல நினைத்தேன். வரோம் என்றுதான் வந்தது.

மார்ச் 19, புதன்

வேனில் போய், வண்டியையும் டாக்டரையும் கொண்டு வந்து சேர்த்தோம். போக ஒரு பகல், வர ஒரு பகல். போகும்போது நூறு கிலோமீட்டர் வரைக்கும் நானும் மச்சானும் வாயே திறக்கவில்லை. பிறகு அவன் சொன்னான், "கண்ணாடியை ஏத்துங்க மாமா, தூசி வருது." ஏற்றினேன். முப்பத்தெட்டு நாளில் அவன் சொன்னதை நான் கேட்டது இதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டேன். அவனும் அதையே நினைத்தானோ என்னவோ, ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான். படவா.

திரும்பும் வழியில் டாக்டர் கையில் கட்டு. மயிரிழை விரிசல், ஆறு வாரம் அசைக்கக் கூடாது. எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வந்தார். குழி வந்த இடமெல்லாம் வேனை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

மார்ச் 21, வெள்ளி

என்ஜினைத் திறந்தோம். புகையை வெளியே விடுகிற எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு ஒரு பக்கம் எரிந்து அரித்துப்போயிருக்கிறது. நகத்தைக் கடித்தெடுத்த மாதிரி. அந்த வழியாகத்தான் மூச்செல்லாம் போயிருக்கிறது.

மச்சான் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஒண்ணு சொல்லணும் மாமா. இன்னொரு வால்வோட இடைவெளியும் கம்மியாத்தான் இருக்கு. ரொம்ப நாளா யாரும் சரி பண்ணல போல. இடைவெளி கம்மினா வால்வு சரியா மூடாது, இதுவும் அப்படி இருந்து எரிஞ்சிருக்கலாம். பைப்தான் காரணம்னு நூத்துக்கு நூறு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது."

அவன் சொன்னது சரி. அவன் அளந்து பார்க்காமல் பேசுகிறவன் இல்லை.

அப்படியானால் — டாக்டரிடம் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது. "வால்வு இடைவெளி பாக்காம விட்டுட்டீங்க மேடம்." பொய்யும் இல்லை. எவன் வந்து கேட்டாலும் தாங்கும். இதை எழுதும்போதே கை வேகமாக ஓடுகிறது பார், வெட்கங்கெட்ட கை.

ஆனால் இடைவெளி குறைவான வால்வோடு, காய்ந்து எரிகிற என்ஜினோடு, லைட்டையும் அணைத்து அனுப்பியது யார்? கேட்டார் அல்லவா, நேராகக் கேட்டார் அல்லவா, டியூன் பண்ணணுமா என்று?

மார்ச் 22, சனி

கிளினிக்குக்குப் போனேன். கதவில் "ஆறு வாரம் விடுமுறை" என்று இடது கையால் எழுதி ஒட்டியிருந்தது. எழுத்தெல்லாம் சின்னப் பிள்ளை எழுதினது மாதிரி கோணல். அங்கேயே திரும்பிவிடலாம் என்று தோன்றியது. உள்ளே ஆள் நடமாட்டம் தெரிந்தது, மணியை அடித்துவிட்டேன்.

நோயாளிகள் நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். சொன்னேன். பைப், ஃபில்டர், டம்மி, வெள்ளை பிளக், வால்வு இடைவெளி, எல்லாம். இடைவெளியைப் பற்றிச் சொல்லும்போது அதையே கெட்டியாகப் பிடித்துக்கொள்ள மனசு துடித்தது. பிடித்துக்கொள்ளவில்லை.

டாக்டர் முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டியூன் பண்ணணும்னு அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னால் மடையன். அதோடு போய்விடும்.

"தெரியும் மேடம். டியூன் பண்றவன் என் மச்சான். அவன்மேல கோவம். உங்களை அவன்கிட்ட அனுப்ப மனசு வரல."

கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "உங்க குடும்பச் சண்டைக்கு என் கையா?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், பழகினதுதானே. "வண்டியை ரிப்பேர் பண்ணுங்க. நீங்க இப்ப கிளம்புங்க."

கிளம்பினேன். படியில் உட்கார்ந்து அழுதேன். நாற்பத்தெட்டு வயசில், தெருவில், சட்டைக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

மார்ச் 25, செவ்வாய்

மச்சானிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று சிரித்த நாலு பேரில் இரண்டு பேரைக் கடைக்கு வரவழைத்து, அவர்கள் முன்னால் கேட்டேன். ஒருவர், "என்ன அண்ணே, ஷூட்டிங் ஏதாவது நடக்குதா?" என்றார். நடக்கட்டும். எந்த இடத்தில் அவமானப்படுத்தினேனோ அந்த இடத்தில்தானே கேட்க வேண்டும்.

"விடுங்க மாமா" என்றான் மச்சான், நெளிந்துகொண்டே. "கடைக்கு வா" என்றேன். "வரமாட்டேன். ஷெட்டு நல்லா ஓடுது" என்றான். அதுவும் சரிதான். வேண்டுமானால் வாரத்தில் மூன்று நாள் வருகிறானாம். அந்த மூன்று நாளில் மட்டும்தான் முழு பைப் வேலை என்று முடிவு செய்தோம். இது காதில் விழுந்ததும் அவன் அக்காவுக்கு என்மேல் இருந்த கோவம் போய்விட்டது என்று நினைக்கிறேன். இத்தனை நாள் தனியாகச் சாப்பிட்டவள் இன்று என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மார்ச் 27, வியாழன்

முழு பைப் போட்ட மீதி எட்டு பேரையும் கூப்பிட்டு, டியூனிங் கட்டாயம் தேவை என்று நானே சொன்னேன். "தெரியுமே!" என்றார்கள், எட்டு பேரும்.

ஏப்ரல் 11, வெள்ளி

டாக்டர் வண்டி முடிந்தது. புது வால்வு, புது பைப்பிலேயே ஓட்டை போட்டு சென்சாருக்கு இடம் வெல்டிங், டம்மி குப்பையில். மச்சான் ரோலரில் ஏற்றி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அளவு எழுதினான். நான் பக்கத்தில் நின்று மின்விசிறியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முழுசாக முறுக்கிய நிலையிலும் சத்தம் சுத்தமாக இருந்தது. செலவு முழுக்க என்னுடையது, அதைப் பற்றி டாக்டரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மே 3, சனி

டாக்டருடைய அண்ணன் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். டாக்டர் வரவில்லை. கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கட்டுப் பிரிச்சாச்சு. திங்கள்லேர்ந்து கிளினிக்" என்றார். வேறு ஏதாவது சொல்லச் சொன்னாரா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

மே 22, வியாழன்

காலையில் ஒரு பெண் வந்தார், அரசு அலுவலகத்தில் வேலை செய்கிறவர் போல, கழுத்தில் அடையாள அட்டை. முழு பைப் வேண்டுமாம். "பல் டாக்டர்தான் உங்க கடையைச் சொன்னாங்க" என்றார்.

கையிலிருந்த துணி கீழே விழுந்துவிட்டது. "என்ன சொன்னாங்க?"

அந்தப் பெண் ஒரு கணம் தயங்கினார். சொல்லிவிட்டார். "பைப் மாட்ட உங்களை விட்டா ஆள் கிடையாதாம். ஆனா உங்க பேச்சை மட்டும் நம்பக் கூடாதாம். என்ன சந்தேகம்னாலும் உங்க மச்சான்கிட்ட கேக்கணுமாம்."

மச்சான் லேப்டாப்புக்குப் பின்னால் குனிந்துகொண்டான். தோள் குலுங்குவது தெரிந்தது. முதலில் எனக்கு ஜிவ்வென்று ஏறியது. பிறகு யோசித்துப் பார்த்தேன், இதில் எந்த வார்த்தையை நான் மறுக்க முடியும்? ஒரு வார்த்தை இல்லை.

வண்டியைத் தூக்கி நிறுத்திப் பழைய பைப்பைக் கழற்ற ஆரம்பித்தேன். பாதி வேலையில் அந்தப் பெண் குனிந்து கேட்டார், "இதுக்கு டியூனிங் பண்ணணுமா?"

பதில் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஸ்பேனரால் மச்சான் பக்கம் காட்டினேன்.